விட்டுப்போன வளையம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அன்றைய மூன்றாவது வீட்டில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து முடித்து யோகேஸ்வரி வெளியே வந்தபோது, அவள் நிறுத்தியிருந்த பைக்குக்குக் கீழே தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். எஞ்சினின் தலைப்பகுதியும் அதற்குக் கீழே உள்ள பிளாக்கும் சேருகிற இடத்தில், வலது பக்கமாக எண்ணெய் கசிந்து, அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் இறங்கி, சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. அவளுடைய வலது செருப்பும் சுடிதாரின் ஓரமும் பிசுபிசுத்தன. வரும் வழியிலேயே கருகல் வாடை அடித்ததுதான். எவனோ ரோட்டோரம் குப்பை கொளுத்துகிறான் என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்திருந்தாள்.

மணி ஆறே முக்கால். இன்னும் இரண்டு வீடுகளில் ஆட்கள் காப்பி குடிக்காமல், வெறும் வயிற்றோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

இதை யார் செய்தது என்ற கேள்விதான் அவள் மனதில் முதலில் எழுந்தது. தான் செய்த வேலையில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அன்று இரண்டாவது நாள். விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, எட்டு மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சொந்தமாக வண்டி வேண்டும் என்பது வேலையின் முதல் நிபந்தனை. படித்த படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தவளுக்கு இந்த வேலை லேசில் கிடைக்கவில்லை.

புருஷன் வேலுசாமிக்கு இதில் விருப்பமில்லை. அவர்கள் குடியிருக்கும் ராஜபாளையத்திலேயே ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறான்; அங்கே போய்வர அவனுக்கு ஒரு பைக் உண்டு. வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால் தெரியாத வீடுகளுக்குள் போவதா என்று ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவான்.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. கூமாப்பட்டியில் இருக்கும் கருத்தப்பாண்டி, பட்டாளத்திலிருந்து வந்த பணத்தில் வாங்கிய பழைய நூறு சிசி பைக். முழங்கால் தேய்ந்து உதைக்க முடியாமல் போனதும் மகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எடுத்தால் நீலமாகப் புகை கக்கியது, மேட்டில் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, பத்து நாள் ஆகும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அவளுக்கு இருந்தது நாலு நாள். மில்லில் அத்தனை மெஷினைக் கழற்றி மாட்டுகிறவன் வீட்டிலேயே இருக்கிறானே என்று வேலுசாமியிடம் கேட்டாள். அவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன் வேலை, ஒன் வண்டி. நீயே பாத்துக்க," என்றான்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். சேக் முகைதீனின் உதிரிபாகக் கடையில் பிஸ்டன் ரிங்கும், எஞ்சின் பாகங்கள் சேரும் இடங்களில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் செட்டும் வாங்கினாள். இந்தியில் ஒருவன் பேசிக்கொண்டே எஞ்சினைப் பிரிக்கும் வீடியோவைப் பேச்சு புரியாமல், கையை மட்டும் பார்த்துப் பார்த்து, சனி முழுவதும் பிரித்து, ஞாயிறு விடிந்ததிலிருந்து பூட்டினாள். செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் வைத்தாள். பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டாள். ஞாயிறு மதியம் நாலாவது உதையில் எஞ்சின் பிடித்தது. புகையே இல்லை.

சத்தம் கேட்டு வேலுசாமி வெளியே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு குனிந்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். எஞ்சினைப் பார்க்காமல் மீட்டரை ஏன் பார்த்தான் என்பது அவள் மனதில் முள்ளாகத் தங்கியது. குளித்துவிட்டுச் சந்தைக்குப் போனாள். திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவன் வீட்டில் தனியாகத்தான் இருந்தான்.

திங்கட்கிழமை காலை இன்னொன்று நடந்தது. இருட்டு விலகாத ரோட்டில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது பின்னால் ஒரு பைக்கின் விளக்கு வந்துகொண்டே இருந்தது. அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகப் போனது. ஓரமாக நிறுத்தினால் தூரத்தில் நின்றது. ஊருக்குள் நுழைந்ததும் காணவில்லை. பத்து மணிக்கு வீடு திரும்பியபோது வேலுசாமி குளித்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் அவனுக்கு மதிய ஷிப்ட். ஒன்பதுக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. தூக்கம் வரவில்லை என்று, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

இப்போது எண்ணெய் வழியும் வண்டிக்கு முன்னால் நிற்கும்போது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஆனால் நிற்க நேரமில்லை. வண்டியை அந்த வீட்டுச் சுவரோரம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து மற்ற இரண்டு வீடுகளுக்கும் போனாள். ரத்தக் குழாய்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே பொறுப்பில் இருந்த நூர்பானு சத்தம் போடுகிறவள் இல்லை. ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பெயரைச் சரிபார்த்து வைத்துவிட்டு, அவளுடைய செருப்பையும் சுடிதாரையும் பார்த்தாள்.

"இன்னைக்கு சாம்பிள் நேரத்துக்கு வந்துருச்சு. நாளைக்கு அஞ்சு வீடு இருக்கு. வண்டி ஓடாதுன்னா மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க யோகேஸ்வரி. நான் வேற ஆளுக்குச் சொல்லணும்."

ஓடும் என்று யோகேஸ்வரி சொன்னாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, வண்டியை ஏற்றிக் கயிறு கட்டி, ராஜபாளையத்துக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் மனம் ஒரே இடத்தைச் சுற்றியது. கசிந்த இடம் அவளுக்குத் தெரியும். அடியிலிருந்து எண்ணெய் மேலே ஏற ஒரு சின்னத் துளை இருக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி மோதிர அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும். பிளாக்குக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று. ஓ-ரிங் என்பார்கள். ரிங் மட்டமாக இருந்தால் கசியும். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று சேக் முகைதீன் மேல் கோபம் ஏறியது. கார் சாவியோடு வருகிறவனுக்கு ஒரு சரக்கு, சுடிதார் போட்டு வருகிறவளுக்கு ஒரு சரக்கு என்று வைத்திருப்பார் என்று தோன்றியது. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

சேக் முகைதீன் அறுபது வயதுக்காரர். மூக்கின் நுனியில் கண்ணாடி. கடையில் ஆட்கள் நின்றார்கள். அவள் அதைப் பொருட்படுத்தாமல், கொடுத்த செட் மட்டமானது, இரண்டு நாளில் எண்ணெய் வழிகிறது, பொம்பளை என்றால் என்னத்தையும் கொடுக்கலாமா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அதே கம்பெனியின் இன்னொரு செட்டை எடுத்துப் பிரித்து, மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். பெரிய கேஸ்கெட்டுகள், சின்ன கேஸ்கெட்டுகள், கடைசியாக செங்கல் நிறத்தில் இரண்டு வளையங்கள்.

"இந்த நெறத்துல வேற எவனும் போடுறதில்ல. மத்ததெல்லாம் கருப்பு. சூடு தாங்கும்னுதான் இதைக் குடுக்கேன். ஒங்க செட்ல ரெண்டும் இருந்துச்சா?"

இருந்ததை நிரூபிக்க அவள் கைபேசியில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தைக் காட்டினாள். செய்தித்தாளில், கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் இரண்டு வளையங்கள் இருந்தன. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்ல ரிங்தாம்மா. ரெண்டும் போட்டிருந்தா ரெண்டு நாளுல இப்படி ஊத்தாது. ஒண்ணு எஞ்சினுக்குள்ள இருக்கணும், இல்ல ஒங்க வீட்ல இருக்கணும். போய் பாருங்க."

அவரைக் குற்றம் சொல்லக் கொண்டுவந்த படமே அவர் பக்கம் பேசியது. அவள் மன்னிப்புக் கேட்காமல் இறங்கி நடந்தாள். கேட்டிருக்க வேண்டும் என்று வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் வேறு ஒரு சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் இருந்தது. இரண்டையும் போட்டோம். போட்டதை எடுக்கத் தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான்.

வீட்டில் வேலுசாமி இல்லை. முடிவெட்டப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் சொல்லியிருந்தான். அவள் வண்டியை மாடிப்படிக்கு அடியில் இறக்கி வைத்துவிட்டு, ஸ்பேனர்கள் இருந்த டப்பாவைத் திறந்தாள். தான் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கி வைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் தலைகீழாக இருந்தது போலவும் இருந்தது. அப்படியே வைத்தோமா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய மில் சட்டை தொங்கியது. மூன்று வருடத்தில் அவன் சட்டைப் பையை அவள் ஒருநாளும் சந்தேகத்தோடு துழாவியதில்லை. துவைக்கும்போது பார்ப்பது வேறு. இப்போது வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கையை விட்டாள்.

ஒரு பேனா, மடித்த கேன்டீன் டோக்கன், அதற்கும் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு வளையம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டது என்ற திருப்தி ஒரு நொடி வந்து, அதுவே அவளைப் பயமுறுத்தியது. பக்கத்தில் படுக்கிறவன், தூங்குகிறாள் என்று பார்த்தோ கடைக்குப் போயிருக்கிறாள் என்று பார்த்தோ, எஞ்சினைத் திறந்து ஒரு வளையத்தை உருவிவிட்டு மூடியிருக்கிறான். நடுரோட்டில் அவள் நின்றால் நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறான். அப்பாவுக்குப் போன் போட எடுத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

முதலில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் திறந்திருந்தால் உள்ளே அடையாளம் இருக்கும். எஞ்சின் ஆறியிருந்தது. சனிக்கிழமை அரை நாள் பிடித்த வேலை இப்போது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கோபத்தில் கை வேகமாக ஓடியது. ஆனாலும் ஒவ்வொரு போல்ட்டையும் எடுக்கும் முன் உற்றுப் பார்த்தாள். கடைசி நட்டைக் கழற்றி, தலைப்பகுதியை இரண்டு கையாலும் தூக்கி செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தாள்.

கேஸ்கெட் முழுவதும் அவள் தடவிய பேஸ்ட் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. கசியாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவியிருந்தாள். வீடியோக்காரன் அந்த இடத்தில் கையை ஆட்டி ஏதோ எச்சரித்தது புரியாமல் போயிருந்தது. எண்ணெய்த் துளையைச் சுற்றிய பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். வளையம் இல்லை. அது தெரிந்ததுதான். ஆனால் பள்ளத்துக்குள்ளும் பேஸ்ட் இறங்கி, வழவழப்பாக, சீராக உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் அவளுடைய விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு சட்டைப் பையில் இருந்து எடுத்த வளையத்தை, இன்னும் முழுதாக இறுகாத பேஸ்ட்டில் வேறொரு இடத்தில் வைத்து அழுத்தி எடுத்தாள். அச்சு வைத்தது போல வட்டமாகத் தடம் விழுந்தது. பள்ளத்தில் அப்படி ஒரு தடம் இல்லை. வளையம் அங்கே ஒருநாளும் உட்காரவே இல்லை. யாரும் எடுக்கவில்லை. அவள் போடாமலே மூடியிருக்கிறாள்.

வாசல் கதவு திறந்தது. வேலுசாமி கழுத்தெல்லாம் முடித்துணுக்கோடு வந்து, பிரித்துப் போட்ட எஞ்சினைப் பார்த்து நின்றான். அவள் உள்ளங்கையில் வளையத்தை வைத்து நீட்டினாள்.

"இது ஒங்க சட்டைப் பையில கெடந்துச்சு."

அவன் அவளைப் பார்க்கவில்லை, வளையத்தைப் பார்த்தான். "மில்லு ரிங்கா இருக்கும்."

"மில்லு ரிங்கு கருப்பு."

அவன் கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டான்.

"நீங்க எஞ்சினைத் திறக்கல. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போடாம மூடுனது நான்தான். ஆனா இது ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

வேலுசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போன பிறகு, எண்ணெய்ச் செய்தித்தாள்களைச் சுருட்டி வெளியே போட எடுத்திருக்கிறான். ஒரு தாளின் அடியில் வளையம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பார்த்ததும் என்னவென்று தெரிந்ததா என்று அவள் கேட்டாள். தெரிந்தது என்றான். கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதாகவும், அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்ததாகவும், அவள் சிரித்த முகத்தோடு பையை வைத்துவிட்டு மறுநாள் போட சுடிதாரைத் தேய்க்க ஆரம்பித்ததும் வாய் வரவில்லை என்றும் சொன்னான். வண்டி ஒழுகினால் நாலு நாள் நிற்கும், அதற்குள் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவ்வளவுதான் நினைத்தான்.

"திங்கக்கிழமை என் பின்னாடி வந்தது நீங்கதானா?"

அவன் தலையை அசைத்தான். "வண்டி நின்னுட்டா இருட்டுல தனியா நிப்பியேன்னு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "எந்தெந்த வீட்டுக்குப் போறன்னு பாக்கவுந்தான்."

முதலில் சொன்னதை மட்டும் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இரண்டாவதைச் சொன்னதால் முதலாவதும் உண்மைதான் என்று பட்டது. அதுதான் அவளுக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது. முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அவன் பழக்கத்தில் தலைப்பகுதியைக் கையில் எடுத்துத் திருப்பினான். எண்ணெய்த் துளையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பேஸ்ட் பிதுங்கித் துளையின் பாதி வாயை அடைத்திருந்தது. அவன் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தான்.

"இது எனக்குத் தெரியாது ஏட்டி. சத்தியமா தெரியாது. மேல எண்ணெய் சரியா ஏற வழியில்ல. ஓட ஓட மேல சுத்துற கேம் காஞ்சு இறுகிப் புடிச்சிருக்கும். வேகமா போறப்ப புடிச்சா பின் சக்கரம் அப்படியே லாக் ஆயிரும்."

அவன் கம்பியைக் கீழே வைத்தான். ஒழுகும், நிற்கும் என்று மட்டுமே அவன் கணக்குப் போட்டிருந்தான். அதற்கு அடியில் அவளுடைய இன்னொரு தவறு இருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த ரோட்டில் அதிகாலையில் ஓடும் லாரிகள் யோகேஸ்வரியின் கண்முன் வந்தன. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

மூடுவதற்குப் புது கேஸ்கெட் வேண்டும். நசுங்கிய பழையதைத் திரும்பப் போட முடியாது. தான் வாங்கி வருவதாக வேலுசாமி எழுந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே வெயிலில் நடந்து போனாள்.

கடையில் இப்போதும் இரண்டு பேர் நின்றார்கள். காலையில் சத்தம் போட்டது ஆட்கள் முன்னால் என்பதால், இதையும் ஆட்கள் முன்னாலேயே சொன்னாள். செட் சரியாகத்தான் இருந்தது, ரிங்கை நான்தான் போடாமல் மூடிவிட்டேன், அப்படிப் பேசியது தப்பு என்றாள். சேக் முகைதீன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துவிட்டு, ரிங் கிடைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். கிடைத்தது என்றாள். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்பாரோ என்று அவளுக்குப் பதைத்தது. அவர் கேட்கவில்லை. கேஸ்கெட்டை எடுத்துக் கொடுத்து, இதற்குப் பேஸ்ட் தடவவே கூடாது, துடைத்து வெறுமனே வைத்தால் போதும் என்றார். கிடைத்த ரிங் நசுங்கியிருந்தால் அதைப் போட வேண்டாம் என்று புது வளையம் ஒன்றும் தாளில் மடித்துக் கொடுத்தார்.

அவள் திரும்பியபோது தலைப்பகுதியும் பிளாக்கின் மேல்முகமும் பளபளவென்று இருந்தன. வேலுசாமி பிளேடால் பேஸ்ட்டை ஒரு துளி விடாமல் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, துளையை ஊதிச் சுத்தம் செய்து, துணி விரித்து வைத்திருந்தான். மில்லுக்குப் போகச் சட்டை மாட்டித் தயாராக நின்றான். சோற்றுப் பாத்திரம் திறக்காமலே இருந்தது.

யோகேஸ்வரி நன்றி சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் கழுவிய ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். துளைக்குள் கம்பியை விட்டாள். நட்டுகளை எண்ணினாள், வாஷர்களை எண்ணினாள், ஞாயிற்றுக்கிழமைப் படத்தோடு ஒப்பிட்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நம்பலையா?"

"இப்ப இல்ல," என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தெருமுனை வரை அவன் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு அது மில் பக்கம்தான் திரும்புகிறதா என்று கவனித்தாள். பிறகு அப்படிக் கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அன்று பின்மதியம் அவள் செய்த வேலை ஞாயிற்றுக்கிழமை செய்ததைவிட மெதுவாக நடந்தது. புது வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுப் பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் சுற்றிலும் அழுத்தினாள். கேஸ்கெட்டை வெறுமனே வைத்தாள். மூடும் முன் வளையம் தெரிய ஒரு படம் எடுத்தாள். எஞ்சினுக்குள் ஓடும் செயினையும் அது சேர வேண்டிய அடையாளக் கோட்டையும் இரண்டு முறை சரிபார்த்தாள். நட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உதறி, வெயிலில் பிடித்துப் பார்த்து மடித்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. புது எண்ணெய் ஊற்றி உதைத்தாள். எஞ்சின் பிடித்ததும் தலைப்பகுதியின் மேலே இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து வைத்து, எண்ணெய் மேலே வருகிறதா என்று பார்த்தாள். மெல்ல நனைந்து, மினுங்கி, பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. அவள் முகத்திலும் ஒரு துளி விழுந்தது. நூர்பானுவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்ட வாக்கு பொய்யாகவில்லை.

மறுநாள் விடியலில் அவள் கிளம்பியபோது வேலுசாமி கட்டிலில் விழித்தே கிடந்தான். போய் வருகிறேன் என்றாள். ம் என்றான். ரோட்டில் அடிக்கடி கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் விளக்கு எதுவும் வரவில்லை. ஐந்து வீடுகளிலும் வாசலில் இறங்கியதும் குனிந்து எஞ்சினைத் தடவினாள். காய்ந்தே இருந்தது. ஒரு வீட்டுப் பாட்டையா, என்னம்மா வண்டிக்கும் ரத்தம் எடுக்கியா என்று கேட்டார். ஏழரைக்கு நிலையத்தில் இருந்தாள்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது. அவன் ஒருமுறை, வழியில் கஷ்டம் ஒன்றும் இல்லையே என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான் என்று அவள் மனம் உடனே துருவியது. இல்லை என்று சொல்லிவிட்டு, எந்தெந்தத் தெரு, எத்தனை வீடு, யார் வீட்டில் எந்தக் கிழவிக்கு நரம்பு கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் அவனே, அந்தக் கிழவிக்கு நரம்பு கிடைத்ததா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கூமாப்பட்டிக்குப் போனார்கள். கருத்தப்பாண்டி வாசலுக்கு வந்து தன் பழைய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். புகை இல்லையே, யார் வேலை பார்த்தது என்று கேட்டார். தான்தான் என்று யோகேஸ்வரி சொன்னாள். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டதா என்று அவர் கேட்டபோது, அவள் வாயைத் திறந்து, பாதியிலேயே நிறுத்தினாள். அப்பாவிடம் இதைச் சொல்வதில்லை என்றுதான் வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"ஒரு ரிங்கு விட்டுப்போச்சு மாமா," என்றான் வேலுசாமி. "விட்டது அவ. ஆனா அது அன்னைக்கே என் கண்ணுல பட்டுச்சு. நான் சொல்லல. அப்படியே ரெண்டு நாள் ஓட்டிட்டா."

கருத்தப்பாண்டி மருமகனையே பார்த்தார். மகளைப் பார்த்தார். "பொறவு?" என்றார்.

"பொறவு அவளே பிரிச்சு அவளே சரி பண்ணுனா."

யோகேஸ்வரி அவன் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். மனம் நொந்து சொல்கிறானா, அவள் சொல்லிவிடுவாள் என்று முந்திக்கொண்டானா? இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேட்டால் இரண்டும்தான் என்பான். அவள் கேட்கவில்லை.

கருத்தப்பாண்டி கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். முழங்காலை வைத்துக்கொண்டு அவரால் உதைக்க முடியாது. வேலுசாமி உதைத்துக் கொடுத்தான். அவர் ஏறி உட்கார்ந்து, பிளவக்கல் போகும் ரோட்டில் மெதுவாகப் போனார். வாசலில் நின்ற இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னந்தோப்பைத் தாண்டும் வரை கேட்டது.

"டேப்பெட் லேசா சத்தம் போடுதே," என்றான் அவன்.

"தெரியும். அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கணும்."

"நான் பாக்கவா?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பாக்கேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க பக்கத்துல இருங்க," என்றாள்.